ஆளற்ற கடற்கரை என்று ஒன்றில்லை

கோடை விடுமுறைக்கான கடலோரப் பயணப் பட்டியல் ஒன்று நம் ஆய்வாளர் குழுக்களில் ஒரு வாரமாகச் சுற்றிவருகிறது. ஹைதராபாத்திலிருந்து விஜயவாடா வழியாகப் பாபட்லாவுக்கு இறங்கி, தேசிய நெடுஞ்சாலை 216 இல் சீராலா, ஓங்கோல் என்று சென்று, அங்கிருந்து நெல்லூர், பழவேற்காடு, சென்னை, கிழக்குக் கடற்கரைச் சாலை எனப் புதுச்சேரி வரை நீளும் பயணம். கூடாரம் அடிக்க ஒன்பது இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று அளவுகோல்களில் ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண்ணும் உண்டு: காட்சியழகு, தனிமை, தீண்டப்படாத தன்மை.

பட்டியலைத் தயாரித்தவர்கள் என் நண்பர்கள். உழைத்துத்தான் செய்திருக்கிறார்கள், எரிபொருள் நிலையங்கள்கூடக் குறிக்கப்பட்டுள்ளன. ஆயினும் மூன்றாவது அளவுகோலின் பெயரைப் படித்ததும் என்னால் மேலே நகர இயலவில்லை. ஆங்கிலத்தில் பயண நிறுவனங்கள் வழங்கும் ஒரு விளம்பரச் சொல்லின் நேர்ப்பெயர்ப்பு அது என்பது தெரியும். எனினும், தமிழில் 'தீண்டப்படாத' என்ற சொல்லுக்கு வேறொரு வரலாறு இருக்கிறது. சாதி குறித்த கருத்தரங்குகளில் முன்வரிசையில் அமர்பவர்கள், மீனவர் குடியிருப்பை ஒட்டிய மணற்பரப்புக்கு ஐந்துக்கு ஐந்து கொடுத்து 'தீண்டப்படாதது' என்று எழுதும்போது, அந்தக் கை ஒரு கணமேனும் நின்றிருக்க வேண்டாமா? அந்த மணலை நாள்தோறும் தீண்டுகிறவர்கள் கணக்கில் வராத மனிதர்கள் என்பதுதானே அந்த மதிப்பெண்ணின் பொருள்?

இதைச் சொற்குற்றம் என்று தள்ளிவிட வேண்டாம். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையே பிழையானது என்பது என் வாதம். 2025 மார்ச் இறுதியில் கஞ்ச கச்சிபௌலியின் 400 ஏக்கரில் இயந்திரங்கள் இறங்கியபோது மாணவர்களும் ஆசிரியர்களும் எழுப்பிய முழக்கத்தை நினைவுகூருங்கள். அது வெற்று நிலம் அன்று. பாறைகளும் புதர்க்காடும் நீர்நிலைகளும் மான்களும் மயில்களும் உள்ள இடம். வருவாய்ப் பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும் அங்கே வாழ்வு இருக்கிறது என்றோம். ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதை நிறுத்திய செய்தி வந்தபோது கட்டிக்கொண்டு அழுதவர்களை நான் பார்த்தேன். 'கஞ்ச' என்னும் தெலுங்குச் சொல்லே மேய்ச்சல் நிலத்தைக் குறிப்பது; அதாவது அந்தப் பெயருக்குள்ளேயே யாரோ ஒருவரின் ஆடும் மாடும் நிற்கின்றன. காலி இடம் என்பது அதிகாரத்தின் கண்ணுக்கு மட்டுமே தெரிவது என்று நாம் அன்று கற்பித்தோம். அதே நாம், அடுத்த விடுமுறைக்குள் 300 கிலோமீட்டருக்கு அப்பால் போய் ஒரு கடற்கரையைக் காலி இடம் என்கிறோம்.

அங்குள்ள ஊர்ப்பெயர்களைச் சற்றுக் கவனியுங்கள். பட்டியலில் 'மறைந்து கிடக்கும் மாணிக்கம்' என்ற அடைமொழியோடு வரும் சீராலா அருகேயுள்ள ஓடரேவு. தெலுங்கில் ஓடரேவு என்றால் துறைமுகம். துறைமுகம் என்றே பெயர் கொண்ட ஊரை நாம் கண்டுபிடித்துவிட்டோமாம்! அதே கரையில் சற்றுத் தெற்கே மோட்டுப்பள்ளி இருக்கிறது. காகதிய மன்னன் கணபதிதேவன் 1244-45 இல் அங்கே ஒரு அபய சாசனம் பொறித்தான். புயலில் சிக்கிக் கரையொதுங்கிய கப்பல்களின் சரக்கை முன்னைய அரசர்கள் பறித்துக்கொண்டனர். தான் சுங்கம் தவிர வேறெதையும் கொள்வதில்லை என்று கடல்வணிகர்களுக்கு அவன் அளித்த உறுதிமொழி அது. வாரங்கல்லிலிருந்து, அதாவது நம்மைப் போலவே கடலில்லாத நாட்டிலிருந்து ஆண்டவன் அவன். அந்தக் கரையில் வந்திறங்கும் அயலாருக்கு ஒழுங்கும் முறையும் உண்டு என்பதை அவன் கல்லில் எழுதினான். எழுநூற்று எண்பது ஆண்டுகள் கழித்து நாம் அதே கரைக்குத் தனிமையில் ஐந்துக்கு நான்கரை கொடுக்கிறோம்.

என்னையும் இதில் சேர்த்தே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நால்வர் நெல்லூர் மாவட்டத்துக் கடற்கரையொன்றில் இரவு தங்கினோம். ஊரிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, படகோ வலையோ கண்ணுக்குத் தென்படாத, அலைவாய் ஓரமாகச் சீராக விரிந்த மணல். அதைவிடச் சிறந்த இடம் கிடைக்காது என்று நினைத்தோம். விடியுமுன் பேச்சுக்குரல் கேட்டு எழுந்து பார்த்தால் கூடாரத்தைச் சுற்றி முப்பது பேருக்குமேல் நின்றுகொண்டிருந்தார்கள். கரைவலை இழுக்க வந்தவர்கள். ஆந்திரக் கரையில் அதற்கு அலிவி வலை என்று பெயர். படகில் வலையை ஏற்றிக் கடலில் அரைவட்டமாக விரித்து, இரு முனைக் கயிறுகளையும் கரையிலிருந்து இரு அணிகள் இழுத்தபடியே ஒன்றையொன்று நெருங்கி வரும் தொழில் அது. அதற்கு வேண்டியது கல்லும் கம்பமும் இல்லாத, நீளமான, வெறுமையான மணல். நாங்கள் 'காலியாக இருக்கிறது' என்று தேர்ந்தெடுத்த இடம் காலியாக இருந்ததற்குக் காரணமே அதுதான். தொழிலுக்காக அவர்கள் அதை அப்படி வைத்திருந்தார்கள். எங்கள் கூடாரத்தின் முளைகள் கயிறு வரும் தடத்தில் நின்றன.

அவர்களுள் முதியவர் ஒருவர் பேசிய மொழி எனக்குப் பாதி புரிந்தது. தெலுங்கு என்று காதைத் தீட்டினால் தமிழாக ஒலித்தது. தமிழ் என்று நம்பினால் வினைமுற்றுகள் நழுவின. பிறகுதான் அறிந்தேன், அவர்கள் பட்டபு மீனவர்கள் என்று. தமிழகக் கரையின் பட்டினவரோடு உறவுடைய சமூகம். நெல்லூர், பிரகாசம் கரைகளில் வாழ்கிறவர்கள். அவர்கள் பேசுவது தெலுங்கு கலந்த ஒரு தமிழ். தமிழாய்வு செய்யும் நான் என் மொழியின் ஒரு கிளையை முதன்முறை கேட்டது அதன் தொழிலிடத்தை மறித்துப் படுத்திருந்தபோதுதான். முதியவர் திட்டவில்லை. தூக்கத்தைக் கெடுத்துவிட்டோமே என்று வருந்தும் தொனியில் எழுந்துகொள்ளச் சொன்னார். திட்டியிருந்தால் இதை நான் மறந்திருக்கக்கூடும்.

இப்போது வழக்கமான மறுப்புகளுக்கு வருகிறேன்.

கடற்கரை பொதுச்சொத்து, மீனவருக்குள்ள உரிமை எமக்கும் உண்டு என்பது முதலாவது. மணலில் நடக்கவும் அமரவும் அலையில் கால் நனைக்கவும் யாருக்கும் உரிமை உண்டு, ஐயமில்லை. ஆனால் பொது என்பது உடையவரற்றது அன்று. உங்கள் பட்டியலிலேயே உள்ள பழவேற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஏரியின் நீர்ப்பரப்பைப் பார்க்கும் எவருக்கும் அது எல்லையற்ற வெளியாகவே தோன்றும். ஆயின் அங்கே பாடு என்றொரு முறை தலைமுறைகளாக வழங்கிவருகிறது. எந்த ஊரார் எந்தப் பாட்டில் எந்த நாள் வலையிடுவது என்பது சீட்டெடுத்து முறைவைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. வேலியில்லை, கல்லில்லை; எல்லை முழுவதும் மனிதர் நினைவில் இருக்கிறது. இதைப் புனிதப்படுத்தவும் நான் விரும்பவில்லை. பாட்டுரிமை பட்டினவர் ஆண்களுக்கு உரியதாகவே இருந்துவந்தது. பெண்களும் பிற சாதி மீனவரும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அந்த அநீதியை விவாதிக்க வேண்டும். ஆனால் ஓர் ஒழுங்கில் அநீதி இருக்கிறது என்பதும் அங்கே ஒழுங்கே இல்லை என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் சொல்பவர் முதலாவதைப் பேசும் தகுதியை இழக்கிறார்.

மேலும், ஒரு கூடாரத்தோடு கதை முடிவதில்லை. முதலில் வருபவர் நம்மைப் போன்ற மாணவர். கட்டணமின்றித் தங்கி, படமெடுத்து, இருப்பிடக் குறியோடு பதிவிடுகிறார். அடுத்த ஆண்டு யாரோ கூடாரங்களை வாடகைக்கு விடுகிறார்கள். அதற்கடுத்து விளக்குச்சரம், ஒலிபெருக்கி, பின் சுற்றுச்சுவர். சட்டமும் இந்தத் திசையில்தான் நெகிழ்ந்து வந்திருக்கிறது. 1991 இன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஊரகக் கரைகளில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டரைக் கட்டுமானமற்ற பகுதியாக வைத்தது. 2019 ஜனவரியில் அரசிதழில் வெளியான புதிய அறிவிக்கை, மக்கள் அடர்த்தி மிகுந்த ஊரகக் கரைகளில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. தற்காலிகச் சுற்றுலாக் குடில்களை உயர் அலைக்கோட்டிலிருந்து 10 மீட்டர் விட்டு அமைக்கலாம் என்றது. 'தற்காலிகம்' என்ற சொல்லுக்குள் எத்தனை நிரந்தரம் அடங்கும் என்பது நமக்குத் தெரியாததன்று. 'காட்சியழகு' என்று நாம் இடும் மதிப்பெண் அந்தக் குடில்களுக்கான சந்தை ஆய்வு. அதை நாம் இலவசமாகச் செய்து கொடுக்கிறோம்.

அழகு என்ற சொல் கரையில் என்ன செய்யும் என்பதற்குச் சென்னை மெரினாவே சான்று. 1985 இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது எழுந்த மோதல் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது, மீனவர்கள் உயிரிழந்தார்கள். கட்டுமரம் அழகைக் கெடுக்கிறது என்று எவருக்கோ தோன்றியதன் விலை அது. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் அருகே இணைப்புச் சாலையோர மீன்கடைகள் அகற்றப்பட்டபோது சொல்லப்பட்ட காரணம் போக்குவரத்து நெரிசல். தமது ஊரின் முன்னே, தம் தொழிலிடத்தின் நடுவே சாலை வந்ததா, சாலையின் நடுவே தாம் வந்தோமா என்று அங்குள்ள பெண்கள் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

சுற்றுலாவால் அவர்களுக்கு வருமானம் வருகிறதே என்பது இரண்டாவது மறுப்பு. வரலாம். எவ்வளவு, யாருக்கு என்பதே கேள்வி. ஹைதராபாத்தில் வாங்கிய உணவுப் பொட்டலங்களோடும் தண்ணீர்க் குடுவைகளோடும் போய், ஊருக்குள் கால் வைக்காமல் அரைக் கிலோமீட்டர் தள்ளித் தங்கி, குப்பையை மட்டும் விட்டுத் திரும்பும் பயணத்தில் எந்த வருமானம்? அதிலும் நாம் போகும் காலம் எது? கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும் காலம். வீட்டில் கையிருப்பு குறையும் காலம். வலை செப்பனிடக் கரையில் இடம் மிகுதியாகத் தேவைப்படும் காலம். நம் கல்வி நாள்காட்டியின் விடுமுறை அங்கே இன்னொருவரின் நெருக்கடியோடு சரியாகப் பொருந்துகிறது. பட்டியலில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மூன்றாவது மறுப்பை நண்பர் ஒருவர் நேரிலேயே சொன்னார்: 'நெய்தலின் அழகை நாம் தேடிப் போவதும் குற்றமா?' தமிழிலக்கிய மாணவரிடமிருந்து இது வந்ததால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. திணைக் கோட்பாடு நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. கடலும் எற்பாடும், அதாவது நீங்கள் படமெடுக்கும் அந்தக் கதிர்சாயும் வேளையும், முதற்பொருள் மட்டுமே. அதோடு கருப்பொருள் சேர வேண்டும்: மாந்தர், தொழில், உணவு, பறவை, மரம், பறை. நெய்தற் பாடல்களில் வலை உணங்கும், மீன் காயும், உப்பு விளையும், புன்னை நிழலில் பரதவர் மகளிர் புள்ளோப்புவர். மனிதரின் உழைப்பைக் கழித்துவிட்ட கடற்காட்சி ஒன்று நம் மரபில் இலக்கணப்படியே முழுமையற்றது. கருப்பொருளை நீக்கி முதற்பொருளை மட்டும் நுகரும் பார்வை நமக்குப் பயண விளம்பரங்களிலிருந்து வந்தது. அதற்கு நெய்தல் என்று பெயரிடுவது பாடத்தை மறந்ததன் அடையாளம். நெய்தலைத் தேடிப் போகிறவர் ஊரைத் தேடித்தான் போக வேண்டும்.

இதுவரை சொன்னது பிறர்பொருட்டு. தனிமையைத் தேடுவது நம் உயிருக்கும் நல்லதன்று. சூர்யலங்காவிலும் வேட்டபாலெம் பக்கத்து ராமாபுரத்திலும் குளிக்கச் சென்று மூழ்கிய மாணவர்களின் செய்திகளை ஆண்டுதோறும் படிக்கிறோம். அவர்களில் பலர் உள்நாட்டு ஊர்களிலிருந்து கடலைப் பார்க்க வந்தவர்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தனர். அந்நாள்களுக்கான கள்ளக்கடல் எச்சரிக்கை முன்னரே வெளியிடப்பட்டிருந்தது. வெளியிட்ட நிறுவனம் எங்கே இருக்கிறது தெரியுமா? நம் ஹைதராபாத்தில். 1999 இல் தொடங்கப்பட்ட இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கடலே இல்லாத இந்நகரிலிருந்துதான் மீனவருக்கு மீன்வளப் பகுதிகளையும் நாட்டுக்குச் சுனாமி எச்சரிக்கையையும் அறிவித்துவருகிறது. நம்மில் எத்தனை பேர் பயணத்துக்கு முன் அதன் அறிவிப்பைப் பார்க்கிறோம்?

கள்ளக்கடல் என்பது தென்னிந்தியப் பெருங்கடலின் தொலைதூரப் புயல்கள் எழுப்பும் நெட்டலை. சில நாள்கள் பயணித்து நம் தென்கரைகளை அடைகிறது. வரும்போது இங்கே காற்று இராது, வானம் தெளிந்திருக்கும். அதாவது கூடாரம் அடிக்க மிகச் சிறந்த மாலை என்று நாம் எண்ணும் அதே மாலையில் கடல் திருடனைப்போல் உள்ளே ஏறும். அந்தப் பெயரே கேரள மீனவர் வழக்கிலிருந்து வந்தது. 2012 இல் யுனெஸ்கோ அதை அறிவியற் சொல்லாக ஏற்றுக்கொண்டது. செயற்கைக்கோளும் கணினி மாதிரியும் கொண்ட நிறுவனம் தன் எச்சரிக்கைக்குக் கரை மனிதரிடம் சொல்லைக் கடன் வாங்குகிறது. நாமோ அந்த மனிதர்கள் இல்லாத இடமாகப் பார்த்துப் படுக்கிறோம். நீரோட்டம் எங்கே உள்ளிழுக்கும், எந்தத் திட்டு நேற்றைய அலையில் கரைந்தது, எந்தக் காற்று எழுந்தால் படகை மேலேற்ற வேண்டும் என்பதை அறிந்தவர் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் உறங்குகிறார். அவரிடமிருந்து விலகியிருப்பதற்கு ஐந்துக்கு ஐந்து. 1977 நவம்பர் 19 இல் திவிசீமாவைப் புயலலை மூடியபோது பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். பட்டியலில் கிருஷ்ணை கடலில் கலக்கும் அம்சலதீவிக்கு ஒரு கிளைப்பயணம் உண்டு. அங்குள்ளவர்களின் பேச்சில் அந்த ஆண்டு இன்னும் காலக்கணக்காக வழங்குகிறது என்பதையும் ஓரத்தில் குறித்திருக்கலாம்.

அப்படியென்றால் மாணவர்கள் இரவில் கடற்கரைக்கே போகக்கூடாதா? சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988 முதல் ஜனவரி தொடங்கும் முட்டையிடும் பருவத்தில் இரவுதோறும் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கரையில் நடக்கிறது. பங்குனி ஆமையின் முட்டைகளைச் சேகரித்து, பொரிப்பகத்தில் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். விளக்கின்றி, மீனவர் குப்பங்களின் ஊடாக, அவர்களோடு பேசியபடி மாணவர்கள் இரவுகளைக் கழிக்கும் முறை ஒன்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. பொரிந்த குஞ்சு ஒளிமிகுந்த அடிவானை நோக்கி நகரும் இயல்புடையது. நம் கூடார விளக்கும் தீமூட்டமும் அதைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுக்கும். 2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது கொதித்தெழுந்து பதிவிட்டோம். இழுவைமடிகளைக் குறைகூறினோம், சரியாகவே. நம் பட்டியலில் பிப்ரவரிப் பயணத்துக்கென்று பரிந்துரைக்கப்பட்ட இரு இடங்கள் முட்டையிடும் கரைகள். 'தீமூட்ட ஏற்ற இடம்' என்ற குறிப்பும் அருகில் இருக்கிறது.

ஆகவே, பட்டியலைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. அளவுகோல்களை மாற்றச் சொல்கிறேன். தனிமைக்கு மதிப்பெண் வேண்டாம். ஊர் எவ்வளவு அருகில் இருக்கிறது, யாரிடம் கேட்டுத் தங்குவது, உணவை அங்கேயே விலைகொடுத்து வாங்க இயலுமா, கழிப்பறை உண்டா, அது ஆமைப் பருவமா, தடைக்காலமா, புயற்காலமா என்று எழுதுங்கள். மணல்மேட்டின்மேல் கூடாரம் கூடாது. அடப்பங்கொடி பிடித்துவைத்திருக்கும் அந்த மேடுதான் அலைக்கும் ஊருக்கும் நடுவிலுள்ள தடுப்பு, ஊற்று நீரின் கொள்கலமும் அதுவே. மேட்டுக்கு நிலப்பக்கமாக, ஊரார் காட்டும் இடத்தில் தங்குங்கள். சூர்யலங்காவில் அரசு விடுதி இருக்கிறது. அழகில் ஒரு மதிப்பெண் குறைந்தாலும் அங்கே பணம் கட்டித் தங்குவது நேர்மையானது. விசாகப்பட்டினம் நீட்சிப் பயணத்தில் பீமுனிப்பட்டினம் அருகேயுள்ள எர்ர மட்டி திப்பலு என்னும் செம்மணல் குன்றுகளைக் கூடாரப் புள்ளியாகக் காட்டியிருப்பதை உடனே நீக்குங்கள். நம் தூத்துக்குடித் தேரிகளின் உறவான புவியியல் மரபிடம் அது. ஒரு மழைக்கே அரித்துப்போகும் மணல், நம் முளைகளையும் வண்டிச் சக்கரங்களையும் தாங்காது. நான் தங்கிய அந்த நெல்லூர்க் கரையை இருப்பிடக் குறியோடு பட்டியலின் ஆறாம் இடத்தில் சேர்த்திருக்கிறீர்கள். குறியை எடுத்துவிட்டு, கரைவலை இழுக்கும் இடம், கேளாமல் இறங்க வேண்டாம் என்று எழுதுங்கள்.

கோப்பு இன்னும் திருத்தத்துக்குத் திறந்தேயிருக்கிறது. மூன்றாம் பத்தியின் தலைப்பை இன்று காலை நான் நீக்கினேன். மாலைக்குள் யாரோ மீண்டும் சேர்த்திருந்தார்கள். மறுபடி நீக்கியிருக்கிறேன். சேர்த்தவர் பெயரோடு வந்து இங்கே வாதிடட்டும்.